வாரம் ஆறு வாக்கியம்

பாலம் வேலை முகாம்,
மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதமும் வழக்கம்போல அதன் அடியில் எழுதிய ஆறு ஆங்கில வாக்கியங்களும் கிடைத்தன. கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். வாக்கியங்களைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். திருத்திய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறுக்கு இரண்டு. போன வாரம் மூன்று வாங்கினாய். ஏற வேண்டிய நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறாய்.

முதல் வாக்கியத்தைப் பார். 'I am having fever since Sunday' என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி இன்னும் முடியாத காய்ச்சல் என்றால் 'I have had fever since Sunday'. have பக்கத்தில் had வந்து உட்கார்ந்தால் உனக்கு என்ன கஷ்டம்? எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. அடுத்தது, நம் வீட்டுக் குழாய் நேற்று உடைந்துவிட்டது என்கிறாய். நேற்று என்று சொன்ன பிறகு 'has broken' கிடையாது, 'broke'. முடிந்த விஷயம் முடிந்தது, அதற்கு எதற்கு வால்?

எல்லாவற்றிலும் மோசம் நாலாவது. 'If you was here, you will carry the water.' நான் அங்கே இருந்தால் மாடிக்குத் தண்ணீர் வாளியை நான்தானே தூக்குவேன் என்று சொல்ல வருகிறாய். சரி. ஆனால் நான் அங்கே இல்லையே. இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசும்போது was போய் were வரும், will போய் would வரும். 'If you were here, you would carry the water.' இதைப் பத்து முறை எழுதிப் பார்.

உன் பார்சல் ஆபீசில் பின்கட்டில் லேபிள் ஒட்டிக்கொண்டே காலம் தள்ள முடியாது. மாடியில் கடிதப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று நீதான் ஆசைப்பட்டாய். தொலைந்த பார்சலுக்குப் பதில் எழுதுவதென்றால் முக்கால்வாசி இந்த 'இருந்திருந்தால்', 'வந்திருந்தால்' சமாச்சாரம்தான். கல்யாணமான புதிதில் தொடங்கிய பாடம், உன்னை அந்த மாடியில் ஏற்றாமல் விடமாட்டேன்.

இங்கே எல்லாம் சௌக்கியம். என் பொறுப்பில் உள்ள ஸ்டோரில் கம்பி வந்து இறங்கிவிட்டது, சிமெண்டுதான் வரவில்லை. போன் இன்ஜினியர் அறையில் இருக்கிறது, அவர் காதும் அங்கேயே இருக்கிறது, அதனால் கடிதமே போதும். சிவப்பு மை தீரப்போகிறது. இரண்டு பாட்டில் அனுப்பிவை.

இப்படிக்கு,
உன் வாத்தியார்

*

வீடு,
மார்ச் 15

அன்புள்ள வாத்தியார் அவர்களுக்கு,

வணக்கம். ஆறுக்கு இரண்டு வாங்கிய மக்கு எழுதிக்கொள்வது. சிவப்பு மை தனிப் பொட்டலமாக வருகிறது. மூடியை மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன், நிமிர்த்திப் பிரியுங்கள்.

இங்கே ஒரு பெரிய செய்தி. கடிதப் பிரிவில் ஒரு இடம் காலியாகிறது. எங்கள் மேலாளர் அம்மா பின்கட்டுக்கே வந்து நின்று, "வெளியில ஆள் தேடறதா இல்லை. உங்கள்ல யாருக்கு இங்கிலீஷ் வருதோ அவங்களே மாடிக்கு வரலாம்" என்றார். அதற்காக ஆபீஸ் செலவிலேயே மாலை வகுப்பு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள். பார்சல்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, கவிழ்த்த பெட்டிகளின்மேல் நாங்கள் உட்காருகிறோம். சொல்லிக்கொடுப்பவர் இந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருகிறார். முதல் நாளே டை மாஸ்டர் என்று பெயர் வைத்தாயிற்று. வைத்தது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆளுக்கு ஒரு வாக்கியம் வாசிக்கச் சொன்னார். எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றாமல் உங்களுக்கு அனுப்பிய காய்ச்சல் வாக்கியத்தையே வாசித்துவிட்டேன், அதுவும் பழைய தப்போடு. அவர் திருத்தவில்லை. "இப்ப காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?" என்று கேட்டார். விட்டுவிட்டது சார் என்றேன். "அப்ப சரி, இப்ப வாக்கியத்தைப் பார்ப்போம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

குழாய்க்காரன் இன்னும் வரவில்லை. வாளி தூக்கித் தூக்கித் தோள் பழகிவிட்டது. நீங்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கிரேன்காரரும் நீங்களும் ஒரே அறையில் இருப்பதால் சீட்டாட்டம் ஜாஸ்தி என்று கேள்வி.

இந்த வாரத்து ஆறு வாக்கியம் கீழே இருக்கிறது. பார்த்துப் போடுங்கள் மார்க்கு.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

பாலம் வேலை முகாம்,
மார்ச் 22

அன்புள்ள வாயாடிக்கு,

ஆறுக்கு ஆறு.

நீ அனுப்பிய புது மையை ஊற்றி, பேனாவைத் துடைத்து, விளக்குக்குக் கீழே தாளை விரித்து உட்கார்ந்தேன். திருத்த ஒரு எழுத்து இல்லை. கடைசியில் ஒரு டிக் போட்டேன். போட்ட வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது.

எனக்குத் தெரியாதா உன் கை? நீ எழுதினால் 'has' நாலு இடத்தில் தேவையில்லாமல் வந்து நிற்கும். were எழுதும்போது r கோணும். இந்தத் தாளில் எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. இது யாரோ பார்த்துத் திருத்திக் கொடுத்து, நீ நல்லபடியாக நகல் எடுத்து அனுப்பியது. பிறகு எனக்கு எதற்கு அனுப்புகிறாய்? அடுத்தவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கொடுத்த மாதிரி.

அவன் எதற்கு உன் காய்ச்சலைக் கேட்கிறான்? இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? காய்ச்சல் விட்டதா, பசிக்கிறதா, குழாய் ஒழுகுகிறதா என்று ஆரம்பிப்பவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. டை கட்டினவர்களையும் பார்த்தாயிற்று. இங்கே ஒருவர் டை கட்டிக்கொண்டு கலவை இயந்திரத்தை எட்டிப் பார்க்கப் போனார், நல்லவேளை கிரேன்காரர் பின்னாலிருந்து இழுத்தார்.

அவனுக்கு என்ன வயது? கல்யாணம் ஆனவனா? வகுப்பில் உனக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறான்? வகுப்பு முடிந்து நீ யாருடன் வீட்டுக்குப் போகிறாய்? இவற்றுக்குத் தமிழிலேயே பதில் எழுது, ஆறுக்கு ஆறு வாங்கிய இங்கிலீஷ் வேண்டாம்.

கிரேன்காரர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க சம்சாரம் தேறிட்டாங்களே, அதுக்குப் போய் ஏங்க மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்கிறார். அவருக்கு என்ன தெரியும். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வயிறு எரிகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன் வாத்தியார்
(இன்னும் நான்தானே?)

*

வீடு,
ஏப்ரல் 2

அன்புள்ள வாத்தியாருக்கு,

உங்கள் கேள்வித்தாள் கிடைத்தது. விடைகள் பின்வருமாறு.

வயது முப்பதோ நாற்பதோ, நான் கேட்கவில்லை. தலை நிறைய முடி இருக்கிறது, அது மட்டும் நிச்சயம். கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. ஆகியிருந்தால் அந்த டையை யாராவது பிடுங்கி அடுப்புத் துணியாக்கியிருப்பார்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் பதினைந்து பெண்களும் ஒரு வண்டி பார்சலும் இருக்கின்றன. வீட்டுக்கு நானும் லேபிள் பிரிவு அக்காவும் சேர்ந்து நடந்து வருகிறோம். தன் வீட்டுக்காரரின் குறட்டை பற்றி அக்கா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதால் வழி தெரிவதில்லை.

தாளை யாரும் திருத்திக் கொடுக்கவில்லை. நானே எழுதினேன். நான் தேறமாட்டேன் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டுத்தான் இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தீர்களா? கொஞ்சம் கோபம்தான். போகட்டும்.

வியாழக்கிழமை வகுப்பில் ஆசைகளைப் பற்றிப் பாடம். இப்போது இல்லாத ஒன்றுக்கு ஆசைப்படுவதை எழுதச் சொன்னார். ஒருத்தி பெரிய வீடு எழுதினாள். அக்கா, குறட்டை இல்லாத கணவன் எழுதினாள். நான் 'I wish my husband were here' என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் இங்கே இருந்தால் தேவலை, அவ்வளவுதான். were-ஐ யோசிக்காமலே போட்டேன், நீங்கள் அடித்து அடித்துச் சொன்னதுதான்.

மாஸ்டர் அதைப் பலகையில் பெரிதாக எழுதினார். "இந்த were வந்துட்டாலே அவர் இங்க இல்லைன்னு தெரிஞ்சுடும். வேற எதுவும் சொல்ல வேண்டியதில்லை" என்றார். பிறகு, "கடைசியா எப்ப வந்தாரும்மா?" என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பு முடிந்தும் அவர் பலகையை அழிக்காமல் போனார். காலையில் பார்சல் அடுக்க வந்தபோதும் அந்த வாக்கியம் அங்கேயே இருந்தது. பெட்டி சுமக்கிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

சிமெண்டு வந்ததா? என்னை விட்டுவிட்டு ஸ்டோர் சாமான்களைத் தினமும் நீங்கள் பார்ப்பதை நினைத்தால் எனக்கும் சில நேரம் வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

*

பாலம் வேலை முகாம்,
ஏப்ரல் 9

வாயாடிக்கு,

நன்றாக இருக்கிறது.

எனக்கு எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. அதை ஊருக்கெல்லாம் பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, பிறகு எனக்குச் செய்தியாக அனுப்புகிறாய். அவன் அதை முதலில் படித்தான். பெட்டி சுமக்கிறவர்கள் இரண்டாவதாகப் படித்தார்கள். நான் எத்தனையாவது? அவன் கேட்டானாம், நீ விரல் விட்டு எண்ணினாயாம். என் வீட்டுக் கணக்கு அவனுக்கு எதற்கு?

நேற்று முழுவதும் ஒரு வேலை ஓடவில்லை. ஸ்டோரில் நட்டுக்குப் பதில் போல்ட்டை எடுத்துக் கொடுத்து, இன்ஜினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டில் உட்கார்ந்தால் அந்த டை ஞாபகத்துக்கு வருகிறது. என்ன நிறம் என்றுகூட நீ எழுதவில்லை, அதனால் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நிறத்தில் வருகிறது.

ஒளிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். உங்கள் மேலாளர் அம்மாவுக்கு நேற்று ஒரு கடிதம் போட்டுவிட்டேன். ஆங்கிலத்தில்தான். நான்கு தடவை எழுதிப் பார்த்து, ஐந்தாவதைத் தபாலில் சேர்த்தேன். 'I demand that my wife be removed from the evening class.' என் மனைவியை அந்த வகுப்பிலிருந்து நீக்க வேண்டும், அவளுக்குத் தேவையானதை இதுவரை போலத் தபாலில் நானே சொல்லிக்கொடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறேன். is போடாமல் be போட்டிருப்பதைக் கவனி. கண்டிப்பாகக் கேட்கும்போது அப்படித்தான் வரும். உன் டை மாஸ்டரிடம் காட்டு, ஒரு தப்புக் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்.

மாடி வேலை போனால் போகட்டும். நான் சம்பாதிப்பது போதாதா?

வாத்தியார்

*

வீடு,
ஏப்ரல் 20

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்கு முந்தின நாளே, மேலாளர் அம்மாவுக்குப் போட்ட கடிதம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடிக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. எந்த மாதிரி நாளில் ஏறுவேன் என்று நினைத்திருந்தேனோ, அந்த மாதிரி நாளில் ஏறவில்லை.

உறையை நீட்டியதுமே தெரிந்துவிட்டது. g-யின் வாலை இப்படி இழுத்துவிடுகிற கை உலகத்தில் ஒன்றுதான். கடிதப் பிரிவில் இருந்த நாலு பேரும் அதை முன்பே படித்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேலாளர் அம்மா சொன்னார்: "இது இங்கிலீஷ்ல வந்த புகார். நமக்கு வர்ற எல்லாப் புகாருக்கும் பதில் போடறது வழக்கம். உங்களுக்கு வேற பரீட்சை வைக்கப்போறதில்லை. உட்கார்ந்து இதுக்குப் பதில் எழுதுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, வகுப்புல இருந்து பேரை எடுத்துடறேன்."

நான் உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி r கோணத்தான் செய்தது. தொலைந்த பார்சல்காரர்களுக்கு நாங்கள் எழுதும் நடையிலேயே எழுதினேன். ஐயா, தாங்கள் திருப்பிக் கேட்பது எங்களிடம் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் நிலையைத் தாங்கள் முன்பே விசாரித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் இருந்திருக்காது. தபாலில் திருப்பி அனுப்ப இயலாது, உரியவர் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். அம்மா இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நாளைல இருந்து மாடிக்கு வந்துடுங்க" என்று சொல்லி, கீழே கையெழுத்தைப் போட்டார். ஆபீஸ் முத்திரையோடு உங்களுக்கு அது தனியாக வந்து சேரும்.

உங்கள் கடிதத்தில் தப்பே இல்லை. நானும் தேடினேன், டை மாஸ்டரும் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா எழுதியிருக்காரே" என்றார். அந்தப் பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல் என்று எழுதினேன். நீங்கள் have had என்றீர்கள். குழாய் உடைந்துவிட்டது என்று எழுதினேன். broke என்றீர்கள். நீங்கள் இருந்தால் தண்ணீர் தூக்குவீர்களே என்று எழுதினேன். இல்லாததற்கு were என்றீர்கள். அந்தப் பலகை வாக்கியத்தை உங்களுக்கு ஏன் முதலில் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுதிக்கொண்டேதான் இருந்தேன். வாராவாரம், ஆறு ஆறாக. நீங்கள் மார்க்குப் போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். அந்த மனிதர் ஒரே ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, காய்ச்சல் விட்டுடுச்சா என்று கேட்டார். பொறாமைப்பட வேண்டுமென்றால் அதற்குப் படுங்கள். அவர் தலைமுடிக்கும் டைக்கும் பட வேண்டாம்.

கீழே ஆறு வாக்கியம் எழுதியிருக்கிறேன். திருத்தாதீர்கள். பதில் எழுதுங்கள். இந்தத் தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தால், இனி வாக்கியமும் வராது, கடிதமும் வராது. மிரட்டல் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

இப்படிக்கு,
கடிதப் பிரிவு, மாடி

*

பாலம் வேலை முகாம்,
ஏப்ரல் 27

அன்புள்ள உனக்கு,

ஆபீஸ் கடிதமும் உன் கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஆபீஸ் கடிதத்தை முதலில் பிரித்தேன். பாதி படிக்கும்போதே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. கீழே வேறு கையெழுத்து இருந்தால் எனக்கு என்ன. கிரேன்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். பார்சல் ஒன்று தொலைந்துவிட்டது என்றேன்.

உன் தாள் என்னிடமே இருக்கிறது. திருப்பி அனுப்பவில்லை. பதில்கள் இவை.

முதல் வாக்கியத்தில் காய்ச்சல் போன வாரம் திரும்ப வந்து இப்போது போய்விட்டது என்கிறாய். உடம்பு தேவலையா? மருத்துவரிடம் போனாயா? யார் கூட வந்தது? டை மாஸ்டர் என்றால் சொல்லாதே. இல்லை, அவர் என்றாலும் சொல்.

இரண்டாவது குழாய். இத்தனை நாளாக நீ வாளி தூக்கிக்கொண்டிருக்கிறாய், இங்கே நான் ஊருக்கே குழாய்ச் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. கடைத்தெருவில் வாஷரும் புதுத் திருகும் வாங்கிவிட்டேன்.

மூன்றாவது, மாடியில் உன் மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, தெரு முழுவதும் தெரிகிறது. சந்தோஷம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பின்கட்டிலிருந்து மேலே போய்விட்டாய் என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அந்த ஜன்னலிலிருந்து ஆபீஸ் வாசல் தெரியுமா?

நாலாவதில், இரண்டு பேருக்குச் சமைக்கும் அளவே மறந்துவிட்டது என்கிறாய். குறைந்தால் குறைவாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம், கூடினால் கிரேன்காரர் மாதிரி சாப்பிட்டுக்கொள்ளலாம். அந்த வாக்கியத்தில் ஒரு தப்பு இருக்கிறது. எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. வேண்டுமென்றே வைத்தாயோ என்றுகூட இருக்கிறது. இரண்டு நாளாகக் கை பரபரக்கிறது, பேனாவை எடுத்துக் கிரேன்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஐந்தாவதில், இன்னும் பொறாமையா என்று கேட்கிறாய். ஆமாம். நீ சொன்ன பிறகு ஜாஸ்தியாகிவிட்டது. அவர் முடி, டை எல்லாம் போய், அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் மனதில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முன்னால் கேட்டுவிட்டாரே என்றிருக்கிறது. இது போகும் என்று தோன்றவில்லை.

ஆறாவது, பலகையில் எழுதிய அதே வாக்கியம். 'my husband' இருந்த இடத்தில் இப்போது 'you' இருக்கிறது. அதற்கு இங்கிருந்து எழுதக்கூடிய பதில் எதுவும் இல்லை. இன்ஜினியரிடம் லீவு கேட்டேன், கான்கிரீட் போடும் நேரத்தில் லீவா என்று கத்தினார். ஸ்டோர் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டேன். சாவியை என் பக்கமே தள்ளிவிட்டு லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை உன் வேலை முடியும் நேரத்துக்கு ஆபீஸ் வாசலில் நிற்பேன். நீ இறங்கி வந்தாலும் சரி, ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்தாலும் சரி. சிவப்பு மை இங்கேயே இருக்கட்டும், ஸ்டோருக்கு உபயோகப்படும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை அவர் வகுப்பா? அப்படியென்றால் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வருகிறேன்.